நின்ற கட்டத்தை எண்ணாதே: ஒரு கூட்டல் பிழையின் கதை

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் போன பிறகு இரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையனின் நோட்டில் 20 கூட்டல் கணக்குகள். எல்லாம் பத்துக்குள் அடங்குகிற சின்ன எண்கள்தான். 4 சரி. 16க்குச் சிவப்பு மையில் தப்புப் போட்டுவிட்டு நோட்டை மூடப் போனபோது ஒரு வரி கண்ணில் பட்டது: 7 + 1 = 7.

கூட்டல் பிடிபடாத பிள்ளை அந்த இடத்தில் 71 என்று எழுதும், இல்லாவிட்டால் வாய்க்கு வந்த எண்ணை எழுதும். ஏழோடு ஒன்றைச் சேர்த்த பிறகும் ஏழுதான் என்று ஒரு பிள்ளை எழுதினால் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. நோட்டை மறுபடி திறந்தேன். 5 + 3 = 7. 6 + 2 = 7. 4 + 5 = 8. 3 + 6 = 8. தப்பான 14 விடைகளும் ஒன்று குறைவு. ஒன்றுகூட மேலே போகவில்லை, இரண்டு குறையவில்லை. மீதி இரண்டு பூஜ்யம் வருகிற கணக்குகள். அவற்றை வெறுமையாக விட்டிருந்தான். சரியாக இருந்தவை 1 + 1, 2 + 1, 2 + 2, 5 + 5. இவை அவனுக்கு எண்ணாமலே தெரிந்தவை என்று பிறகு கண்டுகொண்டேன். ஐந்தும் ஐந்தும் பத்து என்பது இரண்டு கையையும் பார்த்தே தெரிந்துவிடுகிறது.

ஒரே மாதிரி 14 முறை தப்புச் செய்கிறவன் கவனக்குறைவான பையனாக இருக்க முடியாது.

பையனும் வகுப்பும்

வடசென்னையில் ஒரு தொடக்கப் பள்ளி. வகுப்பில் 26 பேர். பையனுக்கு ஏழு வயது. பெயர் வேண்டாம், வகுப்பில் எல்லாப் பையன்களையும் கூப்பிடுகிற மாதிரி இங்கேயும் தம்பி என்றே எழுதுகிறேன். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். ஆயா, அதாவது பாட்டி, காலையில் மீன் விற்றுவிட்டு மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பார். தம்பி பெரும்பாலும் ஆயாவோடுதான்.

2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைப்போம். தம்பி தமிழில் மொட்டு, கணக்கில் அரும்பு. "கணக்கு மட்டும் ஏன் டீச்சர் ஏறவே மாட்டேங்குது? தெனமும் எழுத வெக்கிறேனே" என்று அவன் அம்மா கேட்டபோது, இன்னும் கொஞ்சம் எழுத வையுங்கள் என்றுதான் நானும் சொல்லி அனுப்பினேன். அந்தப் பதிலை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தப்பான வழியில் தினமும் எழுதினால் தப்புதானே உறுதிப்படும்.

பிள்ளையின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் எனக்குச் செயல்வழிக் கற்றல் காலத்தில் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆரம்பித்துப் பிறகு மாநிலம் முழுக்கப் போன முறை அது. சுவரோரம் தரையை ஒட்டி ஆளுக்கொரு கரும்பலகை, நடுவில் அட்டைகள், மணிச்சரங்கள். அந்த முறையைப் பற்றிக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் பிள்ளை கணக்குப் போடும்போது அதன் உதடு எப்படி அசைகிறது என்று பார்க்க அந்த உயரத்தில் உட்கார வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது

திங்கட்கிழமை தம்பியைத் தனியாக உட்கார வைத்தேன். முதலில் புளியங்கொட்டை. எட்டுக் கொட்டையைக் கொட்டி, "எவ்வளவு?" என்றேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணி, "எட்டு" என்றான். கலைத்துப்போட்டு, "இப்ப எவ்வளவு?" என்று கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்து, "எட்டுதான் மிஸ், நீங்க எடுக்கவே இல்லியே" என்றான்.

உளவியல் ஆய்வாளர்கள் ரோச்செல் கெல்மனும் சார்லஸ் காலிஸ்டலும் 1978இல் பிள்ளைகள் எண்ணுவதற்கு அடிப்படையாக ஐந்து விதிகளைச் சொன்னார்கள். பொருளுக்கு ஒரு எண் மட்டும் சொல்வது, எண்களை வரிசை மாறாமல் சொல்வது, கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று அறிவது, எதை வேண்டுமானாலும் எண்ணலாம் என்பது, எங்கிருந்து எண்ணத் தொடங்கினாலும் மொத்தம் மாறாது என்பது. ஐந்திலும் தம்பிக்குக் குறையில்லை.

ஐந்து கொட்டை ஒரு பக்கம், மூன்று கொட்டை ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து முதலிலிருந்து எண்ணி எட்டு என்றான். அதே 5 + 3ஐச் சிலேட்டில் எழுதிக் கொடுத்தேன். கொட்டையை மூடி வைத்துவிட்டேன். இப்போது அவன் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

வலது கையால் நெற்றியைத் தொட்டு, "மனசுல அஞ்சு" என்றான். இடது கையில் மூன்று விரலை நிமிர்த்தி, "கையில மூணு" என்றான். அப்புறம் முதல் விரலை மடக்கிக்கொண்டே "அஞ்சு". இரண்டாவது விரல், "ஆறு". மூன்றாவது, "ஏழு". சிலேட்டில் 7.

"அஞ்சுக்கு அப்புறம் என்ன வரும்?" என்றேன். "ஆறு" என்றான், சட்டென்று. "அப்போ இந்த விரல் என்ன?" என்று முதல் விரலைத் தொட்டேன். "அஞ்சு மிஸ். அஞ்சுலேர்ந்துதானே எண்ணணும்?"

தப்பு எங்கிருந்து வந்தது

என்னிடமிருந்துதான். மனசுல அஞ்சு, கையில மூணு என்பது தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ரொம்ப நாளாகப் புழங்குகிற வாய்ப்பாடு. நானும் அப்படித்தான் படித்தேன். அதோடு நான் சேர்த்துச் சொல்கிற ஒரு வார்த்தை இருக்கிறது: "இப்ப அஞ்சுலேர்ந்து எண்ணு." பையன் சொன்னதைத்தான் செய்திருக்கிறான்.

'அஞ்சுலேர்ந்து' என்றால் ஐந்தையும் சேர்த்தா, சேர்க்காமலா? யோசித்தால் தமிழில் இரண்டும் இருக்கிறது. சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து வடக்கே மூன்றாவது ஸ்டேஷன் என்றால் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று எண்ணுவோம். பீச்சை யாரும் எண்ணுவதில்லை. அதே ஆள் ஜோசியரிடம் போனால் கணக்கு மாறிவிடும். மேஷத்திலிருந்து எட்டாம் இடம் விருச்சிகம். மேஷத்தையே ஒன்று என்று எண்ணினால்தான் அது வரும். பெரியவர்கள் நமக்கு எந்த இடத்தில் எப்படி எண்ணுவது என்று பழக்கத்தில் தெரியும். ஏழு வயதுப் பையனுக்கு டீச்சர் சொன்ன ஒரு சொல்லை வைத்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவன் ஜோசியர் பக்கம் போய்விட்டான்.

மறுநாள் வகுப்பு முழுக்க 5 + 3ஐ வாய்விட்டுப் போடச் சொன்னேன். தம்பியைத் தவிர இன்னும் நான்கு பேர் முதல் விரலுக்கு அஞ்சு என்றார்கள். அவர்களில் இரண்டு பேர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதால் நோட்டில் அது தெரியாமலே இருந்திருக்கிறது. திருட்டுத்தனமாகப் பார்த்து எழுதுவது நோயை மறைத்துவிடும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலில் செய்தவை

சுலபமான வழி நேராகச் சொல்லிவிடுவது. "அஞ்சைத் திரும்பச் சொல்லாதே. ஆறுலேர்ந்து எண்ணு." சொன்னேன். அன்றைக்கு ஐந்து கணக்கும் சரி. மறுநாள் மூன்று தப்பு. மூன்றாம் நாள் பழையபடி.

அடுத்தது கோடு போடுவது. ஐந்து கோடு, மூன்று கோடு, மொத்தத்தையும் ஒன்றிலிருந்து எண்ணு. விடை சரியாக வந்தது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஒரு வாரத்தில் அதன் விலை தெரிந்தது. 10 + 1க்குப் பதினோரு கோடு போட்டான். 9 + 8க்கு நோட்டில் கோடுகள் ஒன்றோடொன்று முட்டி வேலி மாதிரி ஆகிவிட, 16 என்றும் 18 என்றும் மாறி மாறி எழுதினான். எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணுவது கூட்டலின் முதல் படி. அதில் குழந்தை கொஞ்ச காலம் நிற்கலாம். மேலே ஏறிய பிள்ளையைத் தப்பு வருகிறது என்பதற்காகக் கீழே இறக்கி உட்கார வைத்தது என் அவசரம்.

மூன்றாவதாக நடந்தது நான் செய்ததில்லை, அவனே செய்தது. ஆகஸ்ட் நடுவில் திடீரென்று எல்லா விடையும் சரியாக வர ஆரம்பித்தது. 5 + 3 = 8. 6 + 2 = 8. வெளியில் சொல்லாவிட்டாலும் எனக்குள் ஒரே பெருமை. அப்புறம் பார்த்தால் 2 + 2 = 5, 5 + 5 = 11 என்று எழுதியிருக்கிறான். முன்பு சரியாக இருந்த கணக்குகள்! பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றி, விரல், "அஞ்சு, ஆறு, ஏழு." ஒரு கணம் நின்று, "எட்டு" என்று எழுதினான். "ஏழுதானே சொன்னே?" என்றேன். "என்னுது எப்பவும் ஒண்ணு கம்மியாத்தான் வருது மிஸ். அதான் ஒண்ணு சேத்துட்டேன்."

தன் தப்பின் அளவைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு திருத்தமும் போட்டிருக்கிறான். கடிகாரம் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடுகிறது என்று தெரிந்து மனதுக்குள் ஐந்தைக் கூட்டிக்கொள்கிறோமே, அந்த மாதிரி. இந்தப் பையனையா அரும்பில் உட்கார வைத்திருக்கிறோம் என்று தோன்றியது.

தாயக்கட்டம்

செப்டம்பரில் இரண்டு நாள் அவன் வரவில்லை. பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அவர்கள் தெருவில் எட்டிப் பார்த்தேன். காய்ச்சல் தணிந்து, வீட்டு வாசலில் ஆயாவோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் தாயம் ஆடிக்கொண்டிருந்தான். "இன்னா டீச்சர், எதுனா பண்ணிட்டானா?" என்று எழுந்திருக்கப் போன ஆயாவை உட்காரச் சொல்லிவிட்டு நானும் படியில் உட்கார்ந்தேன்.

தாயக்கட்டையைத் தெரியாதவர்களுக்கு: நீள வாக்கில் நான்கு பட்டை உள்ள இரண்டு பித்தளைக் கட்டைகள். பட்டைகளில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள்; ஒரு பட்டை வெறுமை. இரண்டையும் உருட்டி மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் தாயம். அது விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும்.

தம்பி உருட்டினான். ஒன்றில் இரண்டு புள்ளி, ஒன்றில் மூன்று. கட்டை நின்ற அதே நொடியில், "அஞ்சு! மறுபடி எனக்கு!" என்று கத்தினான். விரல் இல்லை, நெற்றி இல்லை. நோட்டில் 2 + 3க்கு நான்கு என்று எழுதிய பையன்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணுக்கு நான்கு விழுந்தது. அவள் தன் காய் இருந்த கட்டத்தையே தட்டி, "ஒண்ணு" என்று ஆரம்பித்தாள். தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏய், கள்ளாட்டம்! நின்ன கட்டத்த எண்ணாத! அடுத்ததுலேர்ந்து எண்ணு!"

ஆயா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக நான் சொல்லிக்கொடுக்க முயன்றதை அவன் வேறொருத்திக்குச் சொல்லிக்கொடுக்கிறான். ஆட்டத்தில் ஒரு கட்டம் தப்பினால் எதிராளியின் காயை வெட்டுவது போய்விடும், காய் சுற்றி முடித்துப் பழமாவதும் கைநழுவும். அங்கே அவன் ஒருநாளும் ஒன்று குறைத்து எண்ணியதில்லை.

தெருவில் தெரிந்த கணக்கு வகுப்பறைக்குள் வராமல் நிற்பது இவனுக்கு மட்டும் நேர்வதில்லை. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ உள்ளிட்டோர் 2025இல் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றியது. வியாபாரத்தில் சிக்கலான கணக்கை மனதிலேயே போடுகிற பிள்ளைகள், அதே கணக்கைப் பள்ளிக்கூடப் பாணியில் எழுதிக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே பாலத்தை யாரோ போட வேண்டும், அது தானாக வருவதில்லை.

சாக்பீஸ் கட்டங்கள்

பாலத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. தாயக்கட்டத்தில் எண்கள் எழுதியிருக்காது. காய் நகர்த்தும்போது பிள்ளைகள் எப்போதும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதற்கு அங்கே ஓர் எண் கிடையாது. கூட்டலுக்கு அந்த எண்தான் வேண்டும்.

உளவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ராமானியும் 2008இல் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்துகிற ஆட்டம், 15 நிமிடம் வீதம் நான்கு முறை. அதிலேயே எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும் இருந்த கட்டங்களில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. அந்த ஆட்டத்தில் ஒரு விதி: 3இல் நிற்கிற காய்க்கு இரண்டு விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று சொல்லக் கூடாது. "நான்கு, ஐந்து" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும்.

பள்ளி வராந்தாவில் சாக்பீஸால் பத்துக் கட்டம் போட்டு எண் எழுதினேன். தம்பியை 5இல் நிற்க வைத்து, "மூணு விழுந்திருக்கு. போ" என்றேன். கூட்டல் என்ற பேச்சே எடுக்கவில்லை. மூன்று அடி வைத்து 8இல் நின்றான். "கால் வைக்கும்போது கட்டத்தோட பேரைச் சொல்லிக்கிட்டே போ." திரும்பி வந்து, "ஆறு, ஏழு, எட்டு." நான்கு நாள் இதுதான். மற்ற நான்கு பேரும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு வகுப்பே சேர்ந்துகொண்டது, சத்தத்துக்குத் தலைமையாசிரியரிடம் பேச்சும் வாங்கினேன்.

அப்புறம் அதே கட்டங்களைக் காகிதப் பட்டையில் போட்டு, காலுக்குப் பதில் புளியங்கொட்டை. அதன் பிறகு பட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு விரல். இங்கேதான் என் பழைய வாய்ப்பாட்டை மாற்றினேன். 'மனசுல அஞ்சு' போயிற்று. மூடிய முஷ்டியைக் காட்டி, "அஞ்சுல நிக்கிறே. மூணு போ." முஷ்டிதான் நின்ற கட்டம். முதல் விரல் நிமிரும்போது ஏற்கெனவே அடுத்த கட்டத்துக்குப் போயாகிவிட்டது. 'லேர்ந்து' என்ற சொல்லைக் கணக்கு வகுப்பில் நான் இப்போது உச்சரிப்பதில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அக்டோபரில் 2 + 7 கொடுத்தேன். முஷ்டியை மூடி, "ரெண்டுல நிக்கிறேன்" என்று ஆரம்பித்து மூன்று விரல் போனவன் நிறுத்திவிட்டான். "மிஸ், ஏழுல நின்னுக்கிட்டா ரெண்டு போனா போதும்ல?" பெரிய எண்ணில் தொடங்கிச் சின்னதைக் கூட்டுவது பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களாகவே கண்டுபிடிக்கிற வழி. ஆனால் தாயக்கட்டத்தில் இதற்கு இடமே இல்லையே, காய் நிற்கிற இடத்தில்தானே நிற்கும்? எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். இரண்டு கைகளாலும் கட்டை உருட்டுவதுபோல் காட்டினான். "இதுல ரெண்டு அதுல மூணு விழுந்தாலும் அஞ்சு. அதுல ரெண்டு இதுல மூணு விழுந்தாலும் அஞ்சுதானே?"

நவம்பர் மழையில் ஒரு வாரம் போல விடுமுறை. திரும்பி வந்தபோது வராந்தாக் கட்டங்கள் சுத்தமாகக் கழுவிப் போயிருந்தன. திரும்பப் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒத்துவராத இடங்கள்

தாயத்தைக் கணக்குக்கு மருந்து என்று யாரும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம். இரண்டு கட்டையிலும் வெறும் பட்டை விழுந்தால் ஆட்டத்தில் அது பன்னிரண்டு. 0 + 0 என்று எழுதிக் கொடுத்தபோது 12 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ஆட்டம் வேறு, நோட்டு வேறு என்று விளக்க வேண்டியிருந்தது. அவனுக்கு அது நியாயமாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

0 + 4ஐ இன்னும் வெறுமையாகத்தான் விடுகிறான். சாக்பீஸ் கட்டத்தில் பூஜ்யத்துக்குக் கட்டம் கிடையாது, வெளியே நிற்பதுதான் பூஜ்யம் என்று நானே சொல்லிவைத்தேன். "வெளிய நிக்கிற காய் எப்டி மிஸ் நாலு போகும்? தாயம் விழலியே" என்கிறான். அடுத்த வருஷம் யாருக்காவது இந்த வழியில் சொல்லிக்கொடுத்தால் பூஜ்யத்துக்கும் ஒரு கட்டம் போட்டுத்தான் தொடங்குவேன்.

இன்னொன்று, இந்தப் பிழை உள்ள ஐந்து பேரில் ஒரு பெண்ணுக்குத் தாயம் தெரியாது. அவளுக்குக் கட்டங்களில் நடப்பது வெறும் நடையாகவே இருந்தது. அவள் சரியானது முஷ்டியால்தான், கட்டத்தால் இல்லை.

ஜனவரி

பொங்கல் விடுமுறை முடிந்து ஜூலையில் கொடுத்த மாதிரியே 20 கணக்கு கொடுத்தேன், கொஞ்சம் பெரிய எண்களோடு. 18 சரி. பூஜ்யக் கணக்கு ஒன்று வழக்கம்போல் வெறுமை. இன்னொன்று 9 + 4 = 12. பத்தைத் தாண்டும்போது பழைய வழி திரும்பியிருந்தது.

நான் தப்புப் போடவில்லை. நோட்டை அவன் பக்கம் திருப்பி அந்தக் கணக்கின் கீழே பேனாவை வைத்தேன். முஷ்டியை மூடினான். ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினான், உதடு மட்டும் அசைந்தது. நான்காவது விரலில் நின்று கையைப் பார்த்தான்.

"ச்சே. நின்ன கட்டத்த எண்ணிட்டேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு, ரப்பர் தேடப் பொறுமையில்லாமல் எச்சில் தொட்ட விரலால் இரண்டைத் தேய்த்து அழித்து, கறையின் மேலேயே மூன்று எழுதினான்.